படிக்கத்தில் துப்பிய ஒயின்

மகள் வீட்டுக்கு அடிலெய்ட் போய் வந்ததைப் பற்றி இரண்டு பதிவுகள் எழுதினேன். கடற்கரை, ரயில், கங்காரு எல்லாம் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஒரு மாதமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன்.

என் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களிடம், "உணவு சம்பந்தப்பட்ட கம்பெனியில் கெமிஸ்ட்" என்று ஒன்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பைப் படித்துவிட்டு, பக்கத்தில் பரோஸா பள்ளத்தாக்கில் ஓர் ஒயின் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள்.

மறைத்ததற்குக் காரணம் என் அப்பா. கம்பம் பள்ளத்தாக்கில் முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருந்தவர். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தி சாராயக் கடைகள் திறந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். எட்டே வருடத்தில் பந்தலும் போயிற்று, அப்பாவும் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். இன்றுவரை ஒரு சொட்டு உள்ளே போனதில்லை.

ஆகஸ்ட் மாதம், அங்கே நல்ல குளிர்காலம். "அப்பா, பென்ஃபோல்ட்ஸில் இந்த வருஷப் புது ஒயின் எல்லாம் வெளியிட்டிருக்காங்க. ருசி பாக்கப் போறேன், நீங்களும் வாங்க" என்றாள். நான் பேசாமல் இருந்தேன். அவளே சொன்னாள்: "குடிக்க வேண்டாம்ப்பா. நானே குடிக்க மாட்டேன். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது ஒயின் வாயில வைக்கிறேன், எல்லாத்தையும் துப்பிடுவேன். இல்லேன்னா வேலை பாக்க முடியுமா?"

ஊரிலிருந்து காரில் கால் மணி நேரம், மலையடிவாரத்தில் மேகில் என்ற இடம். வீடுகளுக்கு நடுவே கொஞ்சம் திராட்சைக் கொடிகள், பழைய கல் கட்டடங்கள். 1844-ல் இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர் பென்ஃபோல்டும் அவர் மனைவி மேரியும் குடியேறிய சின்ன வீடு இன்னும் நிற்கிறது. டாக்டர் நோயாளிகளுக்கு டானிக்காகக் கொடுக்கத்தான் முதலில் ஒயின் செய்தாராம். தொழிலை வளர்த்தது மேரி அம்மாள். 1870-ல் கணவர் இறந்த பிறகும் அந்த அம்மாள்தான் நடத்தியிருக்கிறார்.

மேசையில் மெல்லிய கண்ணாடிக் கோப்பைகள். பக்கத்தில் ஒரு பாத்திரம். பார்த்ததும் சிரிப்பு வந்தது. நம் தாத்தாக்கள் வெற்றிலைக்கு வைத்திருந்த படிக்கமேதான்!

மகள் சொல்லிக் கொடுத்தாள். வெள்ளைத் தாளுக்கு நேராகச் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். கோப்பையைச் சுழற்றி முகர வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு வாயில் வைத்து, காற்றை உறிஞ்சி, நாக்கெல்லாம் படவிட்டுத் துப்ப வேண்டும். சத்தியத்துக்குப் பங்கம் வருமா என்று யோசித்தேன். "குடிக்காதே" என்றுதான் அம்மா சொன்னாள். கொப்பளிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே ஒயின்களுக்கு எண்தான் பெயர். நிலவறையில் புட்டிகளை அடுக்கிய இடத்தின் எண் அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டதாம். முதலில் பின் 28, ஷிராஸ் திராட்சை. நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு துவர்த்தது, பின்னால் மிளகு வாசம். அடுத்து செயின்ட் ஹென்றி. பெரிய பழைய மரத்தொட்டிகளில் வைப்பதால் மரவாசம் ஏறாது, பழம் மட்டும் தெரியும். பிறகு பின் 389. இதில் ஒரு பகுதியை, போன முறை கிரேஞ்ச் இருந்த பீப்பாய்களில் ஊற வைப்பார்களாம். முகர்ந்தால் கொப்பரை வாசம்! "அமெரிக்க ஓக் மரம்ப்பா, அதுல தேங்கா வாசம் வரும். சரியாச் சொல்லிட்டீங்களே" என்று மகளுக்குச் சந்தோஷம்.

கடைசியில் கிரேஞ்ச். அறுவடையாகி நாலைந்து வருடம் கழித்துத்தான் வெளியே விடுகிறார்கள். ஒரு புட்டி நம் பணத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல். எங்களுக்கு ஊற்றியது கோப்பையின் அடி நனைகிற அளவுதான்.

அதற்குள் ஒரு கதை இருக்கிறது. மேக்ஸ் ஷூபர்ட் என்பவர் இந்தக் கம்பெனியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து தலைமைத் தயாரிப்பாளராக உயர்ந்தவர். 1950 வாக்கில் ஐரோப்பா போனபோது, பிரான்சின் போர்டோவில் பல பத்தாண்டுகள் நிற்கிற ஒயின்களைப் பார்த்தார். திரும்பி வந்து 1951-ல் சோதனையாக முதல் கிரேஞ்சைச் செய்தார். சில வருடம் கழித்து மேலதிகாரிகள் ருசி பார்த்தார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை. 1957-ல் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் நிறுத்தவில்லை. 57, 58, 59 மூன்று வருடமும் நிலவறையில் ஒளித்து வைத்துச் செய்தார். புதுப் பீப்பாய் வாங்கப் பணம் கிடைக்காததால் பழையதிலேயே ஒப்பேற்றினார். அதற்குள் முதலில் செய்தவை பக்குவப்பட்டு ருசி ஏறிவிட்டன. 1960-ல் மறுபடி செய்யச் சொல்லி அவர்களே உத்தரவு போட்டார்கள். அந்த 1951 புட்டி இன்று ஏலத்தில் லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போகிறது.

கதையைச் சொல்லி முடித்துவிட்டு, கோப்பையைப் பார்த்தபடியே மகள் கேட்டாள்: "நான் என்ன வேலை பாக்குறேன்னு அத்தைகிட்ட நீங்க இன்னும் சொல்லலை, இல்லப்பா?"

"சொல்லலை பாப்பா."

அவள் கோபப்படவில்லை. "சின்ன வயசுல ராயப்பன்பட்டிப் பக்கம் பந்தலுக்குக் கீழே கூட்டிட்டுப் போயி, கண்ணை மூடிக்கிட்டு எது பழுத்த கொலைன்னு மோந்து பாத்துச் சொல்லச் சொல்லுவீங்களே. அதத்தான்ப்பா இப்பவும் செய்யறேன்" என்றாள்.

பதில் சொல்ல வரவில்லை. கோப்பையை எடுத்து முகர்ந்தேன். உலர்ந்த திராட்சை, புது மரம், காப்பிக்கொட்டை வறுத்த மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவின் சட்டை வாசமும் லேசாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். எத்தனை விலை வைத்தாலும் அது உள்ளே இருக்கத்தான் செய்யும். வாயில் வைத்தேன், நெடுநேரம் வைத்திருந்தேன், துப்பினேன். பக்கத்தில் மகளும் துப்பினாள். எதிரே நின்ற வெள்ளைக்காரத் தம்பதி இரண்டு பேரையும் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஐம்பதாயிரம் ரூபாய்ச் சரக்கு அல்லவா!

யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடியால் அழிந்த வீட்டில் வளர்ந்தவன் அப்படி எழுத மாட்டான். ஆனால் அப்பா செய்ததற்காக என் மகளின் படிப்பையும் உழைப்பையும் நான் ஒளித்து வைத்தது தப்பு. ஷூபர்ட் மூன்று வருடம் ஒளித்தார். நான் ஒன்பது வருடம்.

அக்கா இந்தப் பதிவுகளைப் பேரன் படித்துக் காட்டக் கேட்கிறவள். அக்கா, இதைக் கேட்டதும் கூப்பிடு. திட்டுவதானால் என்னைத் திட்டு. பாப்பாவை ஒன்றும் சொல்லாதே.