காவல்காரர் வீட்டுக்குக் காவல் யார்?



நான் வெலிங்டன்காரன் என்று சொன்னால் நம் ஹாஸ்டலில் உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "உனக்கென்னப்பா, மிலிட்டரி ஊரு! கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கலாம்!" மூன்று வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் துரத்தியபோது, இதற்கே பதில் எழுதினால் என்ன என்று தோன்றியது. கவிதை எழுத நம்மிடம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் கொஞ்சம் கணக்கு எழுதுகிறேன்.

முதலில் ஊர். ஜக்கதலா என்று அழைக்கப்பட்ட இடத்தில் 1850-களில் வெள்ளைக்காரர்கள் பட்டாளத்துக்குப் பாசறை கட்டினார்கள். பிறகு வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். இன்று மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருப்பதும், முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் இருப்பதும் இங்கேதான். குன்னூரைத் தாண்டி ஊட்டிக்குப் போகும் மலை ரயிலுக்கு அடுத்த ஸ்டேஷன் எங்கள் ஊர்.

துப்பாக்கியோடு ஜவான் நிற்பது உண்மைதான். ஆனால் அவர் நிற்பது மிலிட்டரி கேட்டில். எங்கள் வீடு அதற்கு வெளியே, தேயிலைச் சரிவுக்குக் கீழே ஒரு லைனில் இருக்கிறது. பன்னிரண்டு வீடு, ஒரு குழாய், ஒரு தெருவிளக்கு. அப்பா நைட் வாட்ச்மேன். குன்னூர்ப் பக்கம் ஒரு பங்களாவைக் காக்கிறார். மாலை ஆறு மணிக்கு மங்கி குல்லாய், ஸ்வெட்டர், டார்ச், பிளாஸ்க் நிறைய கடுங்காப்பி என்று கிளம்பினால் காலை ஏழு மணிக்குத்தான் திரும்புவார். அடுத்தவர் வீட்டை அவர் காக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் அம்மாவும் தங்கையும் மட்டும். நான் ஹாஸ்டலில். இப்போது சொல்லுங்கள், கதவைத் திறந்து போட்டுத் தூங்க முடியுமா?

சரி, கணக்குக்கு வருவோம். ஓர் ஊர் பாதுகாப்பானதா என்று கேட்டால் எல்லோரும் எடுத்து நீட்டுவது 'குற்ற விகிதம்'. இங்கிலாந்தில் 2011 முதல் தெருவாரியாகக் குற்றக் கணக்கை வரைபடத்தில் போட்டுப் பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள். வீடு வாங்குபவர் அதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் புத்தகமாக வெளியிடுகிறது. சூத்திரம் சுலபம். பதிவான வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

2022-ல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. விகிதம் லட்சத்துக்கு 2.1. இப்போது வெலிங்டனைப் போல இருபதாயிரம் பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு வருஷத்தில் ஒரே ஒரு கொலை நடந்தால் விகிதம் 5! இந்தியச் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மறு வருஷம் ஒன்றும் நடக்காவிட்டால் பூஜ்யம். போன வருஷம் பயங்கரமான ஊர், இந்த வருஷம் சொர்க்கம். ஊர் என்னவோ அதே ஊர்தான்! சின்ன ஊருக்கு ஒரு வருஷ விகிதம் பார்ப்பது, ஒரே ஒரு ரீடிங் எடுத்துவிட்டு கிராஃப் வரைகிற மாதிரி. லேபில் செய்தால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்டத்தின் கீழ் 2019-ல் பதிவான வழக்குகள் சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம். 2020-ல் சுமார் 8 லட்சத்து 91 ஆயிரம்! ஐந்து மடங்கு! தமிழ்நாட்டு மக்கள் எல்லோரும் அந்த வருஷம் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்களா? இல்லை. கொரோனா ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மேல் போட்ட வழக்குகள்தான் கணக்கை அப்படி ஏற்றிவிட்டன. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடந்ததால் நாடு முழுக்கத் திருட்டு வழக்குகள் உண்மையில் குறைந்தன. ஆக, விகிதம் காட்டுவது நடந்த குற்றத்தை அல்ல, எழுதப்பட்ட குற்றத்தை. போலீஸ் ஸ்டேஷனில் வழக்கு ஒழுங்காகப் பதிவானால் அந்த ஊர் கெட்ட ஊர் போலத் தெரியும். புகார் கொடுக்க வந்தவரை "போயிட்டு நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் நல்ல ஊர் போலத் தெரியும்!

கணக்கு போதும். இனி நான் சொல்லப் போவது எந்தக் கணக்கிலும் சரியாக அடங்காத விஷயம்.

2017 ஏப்ரல் மாதம். நான் ஐந்தாம் வகுப்பு. கோத்தகிரிக்கு அப்பால் கோடநாட்டில், மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் எஸ்டேட் பங்களாவில் 23-ஆம் தேதி இரவு தாண்டி ஒரு கும்பல் புகுந்தது. காவலுக்கு நின்ற ஒருவர் கொல்லப்பட்டார், இன்னொருவர் காயப்பட்டார். மறுநாள் தமிழ்நாடு முழுக்க அதே பேச்சு. என்ன எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள், யார் அனுப்பினார்கள் என்று டீக்கடையில் ஆளுக்கொரு கதை. எங்கள் லைனில் மட்டும் பேச்சு வேறு. செத்தவர் வாட்ச்மேன். எங்கள் லைனிலிருந்து நைட் டியூட்டிக்குப் போகிறவர்கள் அப்போது நான்கு பேர். அதில் ஒருவர் என் அப்பா.

அன்று மாலை அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு வழிவிடவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் போக வேண்டாங்க" என்றார். அப்பா குல்லாயை மாட்டிக்கொண்டே, "நான் போகலேன்னா அந்த இடத்துல வேற ஒருத்தன் நிப்பான். அவனுக்கும் வீட்ல இப்படித்தானே சொல்லுவாங்க?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நானும்தான்.

அந்த ஒரு கொலையை மாவட்ட விகிதத்தில் போட்டுப் பார்த்தேன், பின்னாளில். 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியில் 7,35,394 பேர். ஒரு கொலை என்றால் லட்சத்துக்கு 0.14. புள்ளிக்குப் பின்னால் ஓர் எண். எங்கள் லைனில் அந்த எண்ணைச் சொன்னால் யாருக்கும் புரியாது. நைட் டியூட்டிக்கு ஆளை அனுப்பிவிட்டு விடிய விடிய விழித்திருப்பவர்களுக்கு விகிதம் எதற்கு?

மலையில் இருக்கும் பெரிய பங்களாக்கள் பலவற்றில் வருஷத்தில் பத்து மாதம் ஆள் இருக்காது. முதலாளிகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். மே மாத சீசனுக்கு வந்து போவார்கள். மற்ற நாளெல்லாம் ஒரு வாட்ச்மேன், ஒரு நாய், ஒரு பூட்டு. ஏதாவது தொலைந்தால் முதல் சந்தேகம் யார் மேல்? சாவி வைத்திருப்பவர் மேல்தான்! வராத திருடனுக்குப் பயந்து ராத்திரி, வந்துபோன திருடனுக்குப் பதில் சொல்லிப் பகல். இதுதான் அந்த வேலை.

கோடநாட்டுக்குப் பிறகு அப்பா தன் முதலாளியிடம் இரண்டே விஷயம் கேட்டார். துணைக்கு இன்னொரு ஆள். அவசரத்துக்கு ஒரு போன், ஏனென்றால் அந்தச் சரிவில் செல்போன் டவர் எடுக்காது. வந்தது என்ன தெரியுமா? நான்கு கேமரா! ஆள் வரவில்லை, போனும் வரவில்லை.

நான் கேமராவுக்கு விரோதி இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் அப்படிச் சொன்னால் சோறு கிடைக்காது! குற்றம் நடந்த பிறகு ஆளைப் பிடிக்கக் கேமரா ரொம்ப உதவும். ஆனால் நீலகிரி மூடுபனியில் ராத்திரிக் கேமரா என்ன செய்யும் என்று பாருங்கள். அது இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை வீசிப் பார்க்கிறது. அந்த வெளிச்சம் பனித் துளிகளில் பட்டு அப்படியே லென்ஸுக்குத் திரும்பி வரும். படம் முழுக்க வெள்ளைத் திரை. மழைக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், கேமரா பார்க்கும், ஓடி வராது.

ஓடி வருவது யார்? இதைத்தான் எங்கள் லைனில் கற்றுக்கொண்டேன். நைட் டியூட்டி ஆட்களின் வீடுகளுக்கு எழுதாத ஓர் ஏற்பாடு உண்டு. இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி, "அடி, கதவைச் சாத்திட்டியா?" என்று சுவரைத் தட்டுவார். அம்மா திருப்பித் தட்டுவார். பதில் தட்டல் வராவிட்டால் பாட்டியின் மகன் எழுந்து வந்து பார்ப்பார். காலையில் எங்கள் வாசலில் தண்ணீர் தெளிக்காமல் இருந்தால், "என்னடி, உடம்புக்கு முடியலையா?" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். இதற்குப் பேட்டரி வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

ஆச்சரியம் என்னவென்றால், இதையே இங்கிலாந்தில் 1982-ல் ஒரு இயக்கமாக ஆரம்பித்தார்கள்! செஷையர் மாவட்டத்தில் மோலிங்டன் என்ற கிராமத்தில், திருட்டுத் தொல்லைக்குப் பிறகு, அக்கம்பக்கத்தார் ஒருவர் வீட்டை ஒருவர் கவனித்துக்கொள்வது என்று சங்கம் அமைத்தார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. நாம் பாட்டி என்கிறோம், அவர்கள் 'நெய்பர்ஹுட் வாட்ச்' என்கிறார்கள். பெயர்தான் வேறு!

ஒன்றை மறைக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் ஆபத்து எல்லாம் வெளியிலிருந்து வருவதில்லை. நம் நாட்டில் பெண்களுக்கு எதிராகப் பதிவாகும் குற்றங்களில் முதல் இடம், கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமைக்குத்தான். 2022-ல் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. சாவியோடு உள்ளே வருபவனுக்கு எந்தப் பூட்டு போடுவது? எங்கள் லைனிலும் சுவருக்கு அப்பால் ராத்திரியில் அழுகை கேட்டதுண்டு. "அவங்க குடும்ப விஷயம்" என்று எல்லோரும் சும்மா இருந்ததும் உண்டு. திருடனுக்காகச் சுவரைத் தட்டும் கை, அதற்கும் தட்டத்தான் வேண்டும்.

திருடனை விட்டால் வேறு விருந்தாளிகளும் உண்டு. 2023 தீபாவளி சமயத்தில் குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு சிறுத்தை வீட்டுக்குள்ளேயே புகுந்து, மீட்க வந்த தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலரைக் காயப்படுத்தியது. கரடி கதவை உடைப்பதும், காட்டெருமை வழியில் நிற்பதும் எங்களுக்குச் செய்தியே இல்லை. 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதெல்லாம் எந்தக் குற்ற விகிதத்திலும் வராது. ஆனால் எல்லாவற்றுக்கும் தேவை ஒன்றேதான். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள்!

அதனால் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எங்கள் புராஜெக்டை இப்படி முடிவு செய்திருக்கிறோம். காவல் கொட்டகையில் ஒரு பட்டன். சரிவுக்குக் கீழே 200 மீட்டரில் உள்ள மூன்று வீடுகளில் மணி. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், கரண்ட் போனாலும் கவலை இல்லை. சர்க்யூட் எப்போதும் மூடியே இருக்கும். பட்டனை அழுத்தினால் லைன் திறந்து, ரிலே விழுந்து மணி அடிக்கும். யாராவது ஒயரை அறுத்தாலும் அதே மணி அடிக்கும், காட்டெருமை மிதித்து அறுத்தாலும்கூட! பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. இரண்டாம் செமஸ்டர் பாடம்தான். மூன்று வீட்டுக்காரர்களும் சம்மதித்துவிட்டார்கள். "நடுராத்திரி அடிச்சா வருவீங்களா?" என்று கேட்டதற்கு ஒரு அண்ணன், "தம்பி, நானும் வாட்ச்மேனா இருந்தவன்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

படித்து முடித்து ஓசூர், சென்னை, கோவை என்று ரூம் எடுக்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரியா எப்படி என்று விசாரியுங்கள், நல்ல பூட்டாக வாங்குங்கள், தப்பில்லை. குடிபோன முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தெரு வாட்ச்மேன் பெயரையும்தான். அவசரத்துக்கு 112. ஏதாவது பறிபோனால், சின்னது என்று விடாமல் புகார் எழுதிக் கொடுங்கள். கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். உங்கள் ஊரின் விகிதம் கொஞ்சம் ஏறினால் ஏறட்டும்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒயர் இழுக்கிறோம். வர விருப்பமுள்ளவர்கள் ஸ்வெட்டரோடு வரவும், டீ எங்கள் அம்மா பொறுப்பு. அந்த மணி ஒரு தடவைகூட அடிக்காமல் போனால் எங்களுக்குச் சந்தோஷம்தான். நடக்காமல் போன குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, எந்தப் புத்தகத்திலும் ஏறாது. அப்பா காலை ஏழு மணிக்கு வீடு வந்து சேர்ந்தால் போதும்.

– இறுதியாண்டு மாணவன்,
எலக்ட்ரானிக்ஸ் பிரிவு