வெங்காயமும் சரளி வரிசையும்

மாலை ஆறரை. ஹாலில் பாயை விரித்துச் சம்மணம் போட்ட எட்டு வயது மகள், வயலினின் தலையை வலது கணுக்காலில் சாய்க்கிறாள். செல்போனில் தம்புரா செயலியைத் தட்டிவிட்டு, அம்மா பக்கத்திலேயே வெங்காயம் உரிக்க உட்கார்கிறார்.

மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஆரம்பப் பாடம். முதல் மாதம் துருப்பிடித்த கதவு திறப்பதுபோல்தான் இருந்தது. வில்லுக்கு ரோசின் தேய்க்க வேண்டும் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது!

அம்மாவுக்குச் சங்கீதம் தெரியாது. அதனால் என்ன? 1969-இல் ஆந்திரத்தின் பாலக்கொல்லுவில் பிறந்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ், முதலில் கையில் எடுத்தது அப்பாவின் மாண்டலினை. குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு அந்த வாத்தியமே வாசிக்க வராது. அவர் பாடுவார், பையன் கேட்டுக் கேட்டு அதைத் தந்தியில் கொண்டுவருவான். 1998-இல் அந்தப் பையனுக்குப் பத்மஸ்ரீ.

எல்லாப் பிள்ளையும் ஸ்ரீநிவாஸ் ஆகிவிடாது, ஆக வேண்டியதும் இல்லை. விருந்தாளி வந்தால் “வாசிச்சுக் காட்டு கண்ணு” என்று இழுத்து நிறுத்துவதை இந்த அம்மா விட்டதே பெரிய உதவி.

நேற்று வெங்காயம் உரித்த கை சட்டென நின்றது.

“அந்த ரி கொஞ்சம் இறங்கிடுச்சோடி?”

“அம்மா, அது க!”