மேலூர்க் கண்மாயில் மீன் திருவிழா

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் மேலூரை நெருங்கினால், கருங்கற் குன்றுகளும் அவற்றின் அடிவாரத்தில் கண்மாய்களும் கண்ணுக்குப் புலப்படும். 1895-ஆம் வருஷம் பெரியாற்று அணை கட்டி முடிந்ததும், மேற்கே ஓடிக்கொண்டிருந்த மலைநீர் இப்பக்கமும் திரும்பிற்று. ஆயினும் கள்ளந்திரி வரைதான் இருபோகம்; அதற்குக் கீழேயுள்ள மேலூர்ப் பிரதேசத்திற்கு ஒருபோகமே. ஆகவே அறுவடை முடிந்து மாசி, பங்குனி வந்ததும் கண்மாய்கள் வற்றத் தொடங்கிவிடும். தண்ணீர் வற்றுகிறதே என்று வருந்த வேண்டிய சமயத்தில், இந்த ஜனங்கள் திருவிழாக் கொண்டாடுகிறார்கள்!

குறித்த நாளன்று விடியுமுன்பே சுற்றுக் கிராமத்தார் கரையில் வந்து கூடிவிடுவர். கையில் வலை, கச்சா, ஊத்தா. ஆனால் ஒருவரும் நீரில் கால் வைப்பதில்லை. ஊர்ப் பெரியவர்கள் சுவாமி கும்பிட்டு, கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசியதுதான் தாமதம், கண்மாய் முழுவதும் மனிதத் தலைகள்!

ஊத்தா என்பது மூங்கிற் சிம்புகளால் முடைந்த அடியில்லாக் கூடை. கலங்கிய நீரில் அதைச் சேற்றோடு அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவுவார்கள். கெண்டை எளிதில் அகப்படும். கெளுத்தி முள்ளால் குத்தும். விராலோ வழுக்கிக்கொண்டு ஓடும். மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வல்லதாகையால் சேற்று நீரிலும் அது உயிர் பிழைத்திருக்கும். 1952-இல் நம் தேசத்திற்கு வந்த ஆப்பிரிக்கத் திலாப்பியாவும் இன்று ‘ஜிலேபி’ என்று பெயர் பெற்று, உள்ளூர் மீனாகவே ஆகிவிட்டது.

பிடித்த மீனை விற்பது வழக்கமில்லை. வீட்டில் குழம்பு வைத்து, உறவினருக்கும் கொடுத்து உண்பார்கள். இப்படிச் செய்தால் அடுத்த வருஷம் மழை பெய்து கண்மாய் பெருகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கண்மாய் மீனைக் குத்தகைக்கு விட்டால் பணம் வருமே என்று சிலர் கேட்கலாம். வரும், ஆனால் அயலூரார் இறங்கினால் அவர்களைத் தடுக்கக் காவலும் கூடவே வரும். திருவிழா நாளில் பிடிபடாதவன்கூட வெறுங்கையோடு திரும்பலாமே தவிர, அந்நியனாகத் திரும்புவதில்லை. வருஷத்தில் ஒரு நாளாவது கண்மாய்ச் சேற்றை மிதித்தவனுக்கே, அது தூர்ந்துபோவதும் கரை இளகுவதும் தன் கவலையாகத் தோன்றும். நீர் நிறைந்திருக்கையில் பங்கு கேட்பது யாருக்கும் எளிது. வற்றும் நீரையும் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த ஊருக்குத்தான் கண்மாய் நிலைக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.