பானாவும் பாடநூலும்

தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் வளர்ந்து, மாட்டுங்காவில் இயந்திரப் பொறியியல் பட்டயப்படிப்பில் சேர்ந்த மாணவன் ஒருவன், நான்கு வீச்சு எஞ்சினின் படத்தைப் பாராமலே வரைவான். 2023ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், செம்பூரில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் நடத்தும் சாலையோரப் பட்டறைக்கு மாலை வேளைகளில் அவன் போகத் தொடங்கினான். முதல் நாள், "பதிமூணாம் நம்பர் பானாவ எடுல" என்றார் அண்ணாச்சி. பானா என்னும் சொல் அவனுக்குப் புதிதன்று. குவியலுக்குள் பன்னிரண்டையும் பதிமூன்றையும் பதினான்கையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும் கண்தான் அவனிடம் இல்லை.

அப்பட்டறையின் மொழி தனியானது. ஸ்பேனருக்குப் பானா என்பது மராத்தி தந்தது. குறட்டைப் பக்கட் என்பார்கள். பாயிண்டும் கண்டன்சரும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. தமிழின் மேஸ்திரியும் இந்தியின் மிஸ்திரியும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தவை. இச்சொற்கள் அனைத்தும் தமிழ் வினைமுற்றுகளில் வந்து முடிகின்றன. கல்லூரியின் வாய்மொழித் தேர்வோ முழுக்க ஆங்கிலத்தில் நடப்பது.

அவ்வாண்டு பட்டறைக்கு வந்த பிரீமியர் பத்மினி டாக்சி ஒன்று முக்கி முனகி ஓடியது. குர்லா தொழிற்சாலையில் உருவான அவ்வண்டிகளின் எஞ்சினில் தீப்பொறியைப் பிறப்பிப்பது காண்டாக்ட் பாயிண்ட். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் ஏறும். திறக்கும் கணத்தில் காந்தப்புலம் சரிந்து உயர் மின்னழுத்தம் பிறக்கும். இடைவெளி மிகுந்தால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறைந்து தீப்பொறி நலியும். குறைந்தால் பாயிண்ட் கருகும். இவ்வளவும் மாணவனுக்குத் தெரியும். ஃபீலர் கேஜை நுழைத்து 0.45 மில்லிமீட்டர் வைத்தான். வண்டி முன்போலவே முனகியது.

அண்ணாச்சி பாயிண்டைக் கழற்றி அவன் விரலால் தடவச் சொன்னார். ஒரு முகத்தில் சிறு மேடு, எதிர்முகத்தில் சிறு குழி. தட்டையான கேஜ் தகடு மேட்டின் உச்சியைத் தொட்டு நின்றுவிட, குழியின் ஆழம் கணக்கில் வராமலே போயிருந்தது. உண்மையான இடைவெளி அவன் அளந்ததைவிடப் பெரிது. "மொத அரத்தால தேச்சு மட்டமாக்கு, பொறவு அளந்து பாரு" என்றார். எண் சரியானதே, அளக்கப்பட்ட பொருள்தான் வேறு. கில்பர்ட் ரைல் 1949இல் வெளியிட்ட நூலில் 'இன்னது என அறிதல்', 'இன்னவாறு செய்ய அறிதல்' என்று பிரித்துக் காட்டிய இரண்டும் அந்த மேட்டுக்கும் குழிக்கும் நடுவே எதிரெதிரே நின்றன.

இப்பிளவு புதியதன்று. இன்று வீரமாதா ஜீஜாபாய் பெயரைத் தாங்கும் தொழில்நுட்ப நிறுவனம் 1887இல் தொடங்கப்பட்டு 1923இல் மாட்டுங்காவுக்கு வந்தது. பம்பாயின் ஆலைகளுக்குக் கைத்திறனும் கணக்கும் சேர்ந்த ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. கோயம்புத்தூரில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித் தானாகக் கற்ற ஜி.டி. நாயுடு, பொறியியலுக்கு நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்று வாதிட்டார். அவர் வாதத்தை முழுதும் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் எழுப்பிய ஐயம் இன்றும் தீரவில்லை.

கைப்பழக்கம் மட்டும் போதும் என்று முடித்துவிடவும் இயலாது. சில வாரங்களுக்குப் பின் புதுவகைக் கார் ஒன்று வந்தது. அதில் பாயிண்ட் இல்லை. சிலிண்டருக்கு ஒரு காயில். ஸ்கேனர் பி0301 என்று காட்டியது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட அண்ணாச்சி மாணவனின் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அண்ணாச்சி" என்றான் அவன். ஏன் என்பதைக் குறியீடு சொல்லவில்லை: பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா? அண்ணாச்சி சற்று யோசித்து, முதல் காயிலை இரண்டாவதிலும் இரண்டாவதை முதலிலும் மாற்றி மாட்டச் சொன்னார். குறியீடு பி0302 ஆயிற்று. குற்றம் காயிலோடு சேர்ந்து இடம் மாறியதால் காயிலே பழுது என்று துணிந்தார்கள். பத்மினியில் பிளக்கை இடம் மாற்றிப் பழகிய அதே தருக்கம்.

20 ஆண்டு வரம்பின்படி, 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசி பத்மினி டாக்சியின் காலம் 2023 அக்டோபரில் முடிந்தது. பாயிண்டின் மேட்டை விரலால் அறியும் திறனுக்கு இனி அந்நகரில் வேலை குறைவு. பழுதைத் தேடும் அந்தத் தருக்கத்துக்கு வேலை உண்டு. ஆனால் அதைக் கற்பித்தவரிடம் சான்றிதழ் இல்லை. மாணவனுக்குப் பட்டயம் கிடைக்கும். அதை வைத்துப் பெரிய சேவை மையங்களில் அவன் வேலை கேட்கலாம். அண்ணாச்சி கேட்க முடியாது.

அம்மாணவனின் செய்முறைக் குறிப்பேட்டில், ஆங்கிலத்தில் எழுதிய இக்னிஷன் பாடத்தின் ஓரத்தில், பென்சிலால் தமிழில் ஒரு வரி இருக்கிறது: 'அளக்குமுன் தடவிப் பார்.' மதிப்பெண் இடும்போது அவ்வரியை எவரும் கணக்கில் கொள்ளப்போவதில்லை. அப்பக்கத்தில், வண்டியை ஓடவைத்த வரி அதுதான்.