நான்காவது ஆள்

வீடு மாற்றும் தொழிலில் தலை நரைத்தவன் நான். சும்மாடு வைத்துத் தலையில் சுமந்த காலத்தையும் பார்த்தேன். குட்டி யானையும் மூடிய கன்டெய்னர் வண்டியும் வந்துவிட்ட இந்தக் காலத்தையும் பார்க்கிறேன். கோணிச்சாக்கும் வைக்கோலும் போய் பபிள் ஷீட்டும் அட்டைப்பெட்டியும் வந்துவிட்டன. டிவிக்கு நாலு சுற்றுக் காப்பு கிடைத்திருக்கிறது. அதைத் தூக்கும் ஆளின் இடுப்புக்கும் விரலுக்கும் பாதத்துக்கும் அந்த அளவு காப்பு இன்னும் கிடைக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமார்களிடமும், நாளைக்கு வீடு மாறப் போகிற குடும்பங்களிடமும் அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

ஆபத்து மாடிப்படியில் தொடங்குவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அது விலை பேசும்போதே தொடங்கிவிடுகிறது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு என்றால் நாலு ஆள் வேண்டும். பார்ட்டி கேட்பார்: “மூணு பேர் போதாதா? கொஞ்சம் பார்த்துப் போடுங்க.” தான் ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கம்பெனி ஒப்புக்கொள்ளும் என்று முதலாளிக்குத் தெரியும். டீசல் விலையைக் குறைக்க முடியாது, வண்டி வாடகையைக் குறைக்க முடியாது. ஆளைக் குறைக்கலாம். அப்படித்தான் நான்காவது ஆள் போய்விடுகிறான். என் கண்ணால் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை, அந்த நான்காவது ஆள் நின்றிருக்க வேண்டிய இடத்தில்தான் நேர்ந்தன.

அவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு பீரோவை மாடியிலிருந்து இறக்குவதைச் சொல்கிறேன். கனமான தகட்டில் செய்த இரும்பு பீரோ 80 கிலோவைத் தாண்டும். படியில் இறக்கும்போது மேலே இருப்பவன் இழுத்துப் பிடிக்கிறான். கீழே இருப்பவன் தாங்குகிறான். பாரத்தில் பெரும்பங்கு கீழே இருப்பவன் மேல். அவனோ பின்பக்கமாக இறங்குகிறான். அடுத்த படி எங்கே இருக்கிறது என்பதைக் காலால்தான் தேட வேண்டும். பட்டையைப் பிடித்துப் பக்கத்தில் வருபவன் மூன்றாமவன். நான்காமவன் முன்னே போகிறான். படியில் கிடக்கும் பூந்தொட்டியையும் சைக்கிளையும் ஒதுக்குகிறான். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறான். “இன்னும் ரெண்டு படி... ஒண்ணு... தரை வந்தாச்சு. வலப்பக்கம் திருப்பு. கை பத்திரம்!” என்று குரல் கொடுக்கிறான். தூக்குகிற மூவருக்கும் அவன்தான் கண்.

திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு பழைய வீடு. குறுகிய படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம். ஒரு ஆளைக் குறைத்துத்தான் வேலை பேசியிருந்தார்கள். பீரோ திருப்பத்துக்கு வந்த நேரத்தில் கீழே இருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் படியேறி ஓடி வந்தான். நிறுத்திச் சொல்ல முன்னால் ஆள் இல்லை. கீழே தாங்கி வந்த தம்பி பையனுக்காக ஒதுங்கினான். பாரம் சாய்ந்து, சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே அவனுடைய இரண்டு விரல்கள் மாட்டிக்கொண்டன. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை; பீரோவில் ஒரு கீறல்கூட விழவில்லை. அந்தத் தம்பியின் விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. குறைத்துப் பேசிய கூலி ஒரு ஆளின் ஒரு நாள் கூலி. அவன் இழந்தது ஆயுசுக்கும் உள்ள பிடி.

இனி, இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பலம் இருப்பதால் மட்டும் பாரம் தூக்கிவிட முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகக் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டினால் அதைக் குறைக்க வழி தேடுங்கள் என்று பரிந்துரைத்தது. பின்னாளில் அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த கணக்கு இன்னும் கண்டிப்பானது. எல்லாம் சாதகமாக இருந்தால்கூட 23 கிலோ என்று தொடங்கி, பொருள் உடம்பை விட்டு விலக விலக, இடுப்பு திரும்பத் திரும்ப, அந்த அளவைக் குறைத்துக்கொண்டே போகிறது. காரணம் எளிது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் முதுகு தாங்கும். கையை நீட்டித் தூக்கினால் அதே பெட்டி இடுப்பு வட்டின் மேல் பல மடங்காக இறங்கும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழு. திரும்ப வேண்டுமானால் காலை எடுத்து வைத்துத் திரும்பு, இடுப்பை முறுக்காதே. நாற்பது வயதில் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் போனவர்களையும், குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் இந்தத் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் பலவீனர்கள் இல்லை.

கண்ணை நம்பி எடை போடாதே. முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்குள், அது ஆடாமல் இருக்கக் கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள். மெஷின் மொத்தமாக 60 கிலோவை ஒட்டி வரும். இன்வெர்ட்டர் பேட்டரி சின்னதாகத் தெரியும். 50 கிலோவைத் தாண்டுவதும் உண்டு, உள்ளே அமிலம் வேறு. அதைச் சாய்க்கவே கூடாது. சமையல் எரிவாயு சிலிண்டர், 14.2 கிலோ எரிவாயுவோடு மொத்தம் 30 கிலோ அளவுக்கு இருக்கும். அதை மூடிய வண்டிக்குள் சாமானோடு சாமானாகப் போடக் கூடாது. புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் கட்டு, தலையணையைப் பெரிய பெட்டியில் கட்டு. இடுப்பைப் பாதி காப்பாற்ற இது ஒன்றே போதும்.

வீட்டுக்காரர்களிடம் சில வேண்டுகோள்கள். முதலாவது, காலணி. “செருப்பைக் கழற்றிட்டு உள்ளே வாங்க” என்பது நம் வீட்டு மரியாதை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் தூக்குபவனின் பாதத்தின் மேல் அது நழுவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வாசலிலிருந்து கூடம் வரை பழைய பெட்ஷீட்டையோ கோணியையோ விரித்துவிட்டு, ஷூவோடு நடக்க விடுங்கள். பூஜை அறைச் சாமான்களை நீங்களே முன்கூட்டி எடுத்து வைத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

இரண்டாவது, நேரம். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் யாரும் குடி போவதில்லை. அதனால் ஆவணியிலும் தையிலும், பள்ளி விடுமுறையான மே மாதத்திலும் வேலை குவிகிறது. விடிவதற்குள் பால் காய்ச்ச வேண்டும், ராகு காலத்துக்குள் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும் என்று விரட்டுவார்கள். நல்ல நேரத்தில் சாமி படமும் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் உள்ளே போனால் போதுமே. கட்டிலும் சோபாவும் நிதானமாக வரட்டும். கத்திரி வெயிலில் வேலை நடந்தால் தண்ணீரும் நிழலும் கொடுங்கள். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னதை, பாரம் தூக்கும் இடத்தில்தான் முதலில் நினைக்க வேண்டும்.

மூன்றாவது, லிஃப்ட். சாமான் ஏற்றினால் கீறல் விழும் என்று பல அடுக்குமாடிகளில் லிஃப்டைத் தரமாட்டார்கள். சுற்றிலும் அட்டையோ மெத்தையோ கட்டி, எடை வரம்புக்குள் ஏற்றினால் கீறல் விழாது. ஏழு மாடியை மனிதனின் முழங்காலால் ஏறச் சொல்வதற்கு எந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கும் உரிமை இல்லை.

ஆபீஸ் மாற்றுவது இன்னும் கடினம். வெள்ளிக்கிழமை மாலை கையில் சாவி கொடுத்து, திங்கள் காலை கம்ப்யூட்டர் ஓட வேண்டும் என்பார்கள். இரண்டு இரவு தூங்காதவர்கள் கண்ணாடித் தடுப்பையும் யுபிஎஸ் பேட்டரியையும் தூக்குவார்கள். விடியற்காலையில் அதே களைப்போடு டிரைவர் வண்டி ஓட்டுவார். வேலை முடிந்த ஆட்களைச் சாமானுக்கு நடுவே பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஒரு பிரேக் போட்டால் போதும், கட்டியிருக்கும் அலமாரி அவர்கள் மேல் சரியும். ஆட்கள் தனி வண்டியில் வர வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்து விலை சொல்ல வேண்டும்.

வேலையில் அடிபட்டவனுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டில் 1923-லேயே சட்டமாகிவிட்டது. தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன் கீழ் நல வாரியம் இயங்குகிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, ஓய்வூதியம் எல்லாம் வாரியம் தரும் அட்டையைக் காட்டித்தான் கிடைக்கும். பதிவு செய்து, காலம் தவறாமல் புதுப்பித்து வையுங்கள் தம்பிகளே. அடிபட்ட பிறகு அட்டைக்கு அலைந்து பயனில்லை.

இத்தனை வருஷம் உழைத்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். “இது என்னால் ஆகாது, இன்னொரு ஆள் வரட்டும்” என்று சொல்வதில் அவமானம் கிடையாது. அப்படிச் சொல்லத் தெரிந்தவனே இந்தத் தொழிலில் முதுமை வரை நிமிர்ந்து நடக்கிறான். வீட்டிலும் அலுவலகத்திலும் வாழ்க்கையிலும் அதே கதைதான். நேரடியாகத் தூக்காதவன் தேவையில்லை என்று நினைக்கிறோம். முன்னே போய்ப் பார்த்துச் சொல்பவனையும், ஓய்ந்தவனுக்குக் கை மாற்றுபவனையும் முதலில் குறைத்துவிடுகிறோம். அவன் இல்லாமல் போன பிறகுதான் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெரிகிறது.

அடுத்த முறை வீடு மாற்ற விலை பேசும்போது, பெட்டிக்கும் தூரத்துக்கும் வேண்டுமானால் பேரம் பேசுங்கள். “எத்தனை பேர் வருவாங்க? அது போதுமா?” என்று நீங்களே கேளுங்கள். போதாது என்று மேஸ்திரி சொன்னால், கூடுதல் ஆளுக்கு மனம் நிறைந்து சம்மதியுங்கள்.