அப்பாவின் ஆர்.டி.350... புதுப்பேட்டையில் ஒரு நாள்!

"இந்த வண்டியை வித்துத் தொலைங்க. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்!"

போன மாதம் மாதவரம் பக்கத்தில் ஒரு லாரி அப்பாவை உரசுவதுபோல் கடந்துபோனது. அன்றிலிருந்து அம்மாவின் பல்லவி இதுதான். லாரிக்காரர் விடாமல் ஹார்ன் அடித்தும் அப்பா ஒதுங்கவில்லை என்று, பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லிவிட்டார். "அவன் அடிக்கவே இல்ல" என்று அப்பா இன்றுவரை சாதிக்கிறார்.

வண்டி, ராஜ்தூத் யமஹா ஆர்.டி.350. 1983-ல் இந்தியச் சாலைக்கு வந்து, 80-களின் இறுதியில் தயாரிப்பு நின்றுபோன டூ ஸ்ட்ரோக் வண்டி. 347 சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு சைலன்சர். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், வேலிக்கு வெளியே நின்று பார்த்த கூட்டத்தில் அப்பாவும் ஒருவர். அந்த ஆசையில் பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவருக்கு இப்போது 64 வயது. இதுவரை இன்னொருவர் கை அதன் கார்புரேட்டரில் பட்டதில்லை.

ஆனால், சில மாதங்களாக வண்டி சரியில்லை. ஐட்லிங்கில் திணறுகிறது, ஹேண்டில்பார் உதறுகிறது. அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டியூன் செய்தும் பலனில்லை. வாங்க வந்தவர் "இன்ஜின் வேலை இருக்கு" என்று விலையைக் குறைக்க, விற்பதற்கு முன்பாவது சரிசெய்துவிடலாமென்று விடுமுறை நாளில் நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். போன இடம், புதுப்பேட்டை.

கதவுக்கு ஒரு கடை, கண்ணாடிக்கு ஒரு கடை

எழும்பூரிலிருந்து ஆதித்தனார் சாலையில் நுழைந்தால், கூவம் வாடையோடு கிரீஸ் வாடையும் சேர்ந்துகொள்ளும். இங்கே வண்டிகள் முழுதாக இருப்பதில்லை. ஒரு கடையில் கார் கதவுகள் மட்டும், அடுத்ததில் ஹெட்லைட், அதற்கடுத்ததில் கூரை வரை அடுக்கிய சீட்டுகள். நடைபாதையில் கியர்பாக்ஸைக் குப்புறப் போட்டு, அதன்மேல் டீ கிளாஸை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புதுசு வேண்டுமென்றால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கம்பெனியே கைவிட்ட பொருள் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. சென்னை மெக்கானிக்குகளின் கணக்கு இதுதான்.

நான் தேடிப்போன பாயின் கடை ஒரு சந்துக்குள், இரண்டு வண்டி நிற்கும் அளவு இடம். வண்டியின் சத்தம் கேட்டதுமே எழுந்து வந்தார்.

"ஆர்.டி-யா? ஒரு பக்கம்தான் இழுக்குது பாப்பா. ரெட்டை மாட்டு வண்டி மாதிரி இது. ஒரு மாடு இழுத்து இன்னொண்ணு சும்மா நடந்தா, இழுக்குற மாடு சீக்கிரம் சாகும்."

இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக் காட்டினார். வலது பிளக் காய்ந்து வெளுத்திருந்தது. இடது பிளக் எண்ணெய் படிந்து கறுப்பாக நனைந்திருந்தது.

டிரில் பிட்டும் இரண்டு விரலும்

பாய் உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. முதலில் பாயின்ட் கேப், டைமிங். பிறகு கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலிருக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். "காத்து திருட்டுத்தனமா உள்ள போச்சுன்னா, எவ்ளோ டியூன் பண்ணாலும் நிக்காது."

அப்புறம்தான் கார்புரேட்டர். உள்ளே மேலும் கீழும் போகும் சிலிண்டர் வடிவத் துண்டுக்கு ஸ்லைடு என்று பெயர். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் அது மேலே ஏறி, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் வழிவிடும். இரண்டு ஸ்லைடும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், ஒரே நொடியில் கிளம்ப வேண்டும். பேலன்ஸ் செய்வது என்றால் இவ்வளவுதான்.

ஒரே அளவுள்ள டிரில் பிட்டை இரண்டு ஸ்லைடுக்கும் அடியில் மாறி மாறி வைத்து, ஐட்லிங் ஸ்குரூவைத் திருகி உயரத்தைச் சமமாக்கினார். பிறகு இரண்டு கார்புரேட்டர் வாயிலும் ஆளுக்கொரு விரலை விட்டு, "மெதுவா ஆக்ஸிலேட்டர் குடும்மா" என்றார். எந்த ஸ்லைடு முந்துகிறது என்று விரலே சொல்லிவிடுகிறது. முந்தும் பக்கத்து கேபிளைத் தளர்த்தி, மறுபடி பார்த்தார். ஐந்தாறு முறைக்குப் பிறகுதான் தலையாட்டினார். அதே கேபிளோடு இணைந்த ஆயில் பம்பின் குறியையும் சரிபார்த்தார். அது தவறினால் எண்ணெய் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளுமாம்.

நான்கு சிலிண்டர் வண்டிகளுக்கு நான்கு வேக்யூம் கேஜ் மாட்டிப் பார்ப்பார்கள். 2020-ல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே இல்லை. இந்த வேலையை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

கடைசியாக ஏர் ஸ்குரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, கிக்கரை உதைத்தார். வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு சைலன்சர் வாய்க்கும் சற்றுத் தள்ளி இரண்டு உள்ளங்கைகளையும் காட்டினார்.

"காதை விட கை பொய் சொல்லாது. வா, நீயும் வெச்சுப் பாரு."

இரண்டு கையிலும் ஒரே அழுத்தத்தில், மாறி மாறி சூடான காற்று தட்டியது.

"யார் டியூன் பண்ணது?"

கை துடைத்துக்கொண்டே பாய் கேட்டார்.

"எங்கப்பா."

"நல்லா தெரிஞ்சவர்தான். மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா, வலது பக்க ஸ்குரூவை மட்டும் ரெண்டு சுத்து அதிகமா முறுக்கியிருக்கார்." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைக்காத பாப்பா... அவருக்கு வலது காது கேக்குதா?"

எனக்குப் புரியவில்லை.

"பின்னாடி உக்காந்து காதால டியூன் பண்றவர், வலது சைலன்சர் சத்தம் கம்மியா இருக்குன்னு ஏத்திக்கிட்டே போயிருக்கார். சத்தம் கம்மியில்ல. நானும் அப்படித்தான் பண்ணினேன். எனக்கு இடது. அதான் இப்ப கையை வெக்கிறேன்."

மாதவரம் லாரி ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து முந்தும் வண்டி வலதுபுறமாகத்தானே வரும்? டிவி சத்தம், போனை எப்போதும் இடது காதிலேயே வைப்பது, நான் வலதுபக்கம் உட்கார்ந்து பேசினால் "ஆங்?" என்பது... ஒரே வீட்டில் இருந்தும் நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவை சைலன்சருக்குப் பின்னால் கை வைக்கச் சொன்னேன். வைத்தார். முகம் மலர்ந்தது. பிறகு நிமிர்ந்து, "எனக்கு வலது பக்கம் கம்மியா கேக்குதே?" என்றார். கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"போன வருஷத்துலேர்ந்தே அப்படித்தான்மா. சொன்னா வண்டிச் சாவியை வாங்கிடுவீங்கன்னு..."

மறுநாளே காது டாக்டரிடம் போனோம். பரிசோதனையில் வலது காதின் கேட்கும் திறன் குறைந்திருப்பது உறுதியானது. காதுக்கருவிக்கு அளவு கொடுத்திருக்கிறோம். அது வந்து பழகும்வரை தனியாக வண்டியை எடுப்பதில்லை என்று அப்பா அம்மாவிடம் ஒப்புக்கொண்டார். விற்பதைப் பற்றி அம்மாவும் அதன்பின் பேசவில்லை.

போன ஞாயிறு அதிகாலை, நான் ஓட்ட, அப்பா பின்னால் உட்கார, செங்குன்றம் தாண்டி சோழவரம் வரை போய் வந்தோம். ஹேண்டில்பார் உதறவில்லை. புழல் பக்கத்தில் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. நான் இடப்பக்கம் ஒதுங்கினேன்.

"எதுக்கும்மா ஒதுங்குற?" என்றார் அப்பா.

"லாரிப்பா" என்று இடது பக்கம் திரும்பிச் சொன்னேன்.