பொதுசனத் தொடர்பு படிக்க எங்கே போவது?

பத்திரிகை அலுவலகத்தின் பிற்பகல் எப்போதும் அறிக்கைகளுடனேயே தொடங்குகிறது. அமைச்சு, வங்கி, தொலைபேசி நிறுவனம், தொண்டு நிறுவனம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம் என்று எல்லோரும் எதையாவது அனுப்பிவைப்பார்கள். முன்பு தொலைநகல் இயந்திரம் கக்கிக்கொண்டிருந்தது; பின்னர் மின்னஞ்சல் வந்தது; இப்போது வட்ஸ்அப்பிலும் வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு அண்மையாக இவற்றை வாசித்துவருகின்ற எனக்கு, ஓர் அறிக்கையின் முதலிரண்டு வரிகளிலேயே அதை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்துக்குக் கொண்டுபோய், கடைசி நேரத்தில் யாரோ ஒருவரைப் பிடித்துத் தமிழாக்கிய அறிக்கைக்கென்று ஒரு தனி வாசனை உண்டு. எழுவாய் ஒரு கரையில் நிற்கும். பயனிலை மறு கரையில் நிற்கும். நடுவில் பாலம் இராது.

இத்தகைய அறிக்கைகளை எழுதுவதும் ஒரு தொழில், அதற்கென்று ஒரு படிப்பும் இருக்கிறது என்பது நம்மவர்களுக்கு அண்மைக்காலத்தில்தான் உறைக்கத் தொடங்கியிருக்கிறது. க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளே இதற்குச் சாட்சி. முன்பெல்லாம் "பிள்ளை பத்திரிகையாளராக விரும்புகிறாள்" என்பார்கள். இப்போது "பொதுசனத் தொடர்பு படிக்க எந்தக் கல்லூரி நல்லது?" என்று கேட்கிறார்கள். பத்திரிகையில் சம்பளம் இல்லை என்பது ஊரறிந்த இரகசியமாகிவிட்டது போலும்.

தமிழகத்தில் இதனை மக்கள் தொடர்பு என்பர். அங்கே பி.ஆர்.ஓ. என்றதும் திரைப்படத்துறைதான் பலருக்கு நினைவுக்கு வரும். 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்துக்காகப் பணியாற்றிய பிலிம் நியூஸ் ஆனந்தனைத் தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று குறிப்பிடுவது வழக்கம். ஆனால் இத்துறையின் வரலாறு அதற்கு முந்தியது. 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிற்றி அருகே பாலமொன்றிலிருந்து ரயில் நீருள் வீழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்தை மூடிமறைப்பதே அக்காலத்து ரயில் நிறுவனங்களின் வழக்கம். முன்னாள் பத்திரிகையாளரான ஐவி லீ, நடந்ததை நிறுவனமே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று ஆலோசனை கூறினார். முதலாவது பத்திரிகை அறிக்கை என்று பாடநூல்கள் சுட்டுவது இதனையே. சிக்மண்ட் பிராய்டின் மருமகனான எட்வர்ட் பேர்னேஸ் 1923இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் இதனை ஒரு பாடமாகக் கற்பித்தார். 1947இல் பொஸ்ரன் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கியது.

நமது நாட்டிலும் இக்கலை புதியதன்று. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அமைக்கப்பட்டு, 'சிலோன் ரீ' என்ற பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. கொழுந்தின் புகழ் கடல் கடந்தது. அக்கொழுந்தைக் கிள்ளிய மலையகத் தமிழரோ 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். ஒரு பொருளின் நற்பெயரை வளர்ப்பது வேறு, அப்பொருளுக்குப் பின்னாலுள்ள மனிதரின் குரலை எடுத்துச்செல்வது வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுவதில்லை. இத்துறையைப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இக்கதையைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து நண்பர் ஒருவர் மகளையும் அழைத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். மகள் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றிருந்தாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போதிய இசெட் புள்ளி இருந்தது. ஆனால் அவளது கையில் தனியார் கல்வி நிறுவனமொன்றின் வழுவழுப்பான கையேடு இருந்தது. வெளிநாட்டுப் பட்டம், கட்டணம் பல இலட்சம் ரூபா.

"மாமா, அங்க படிச்சா வேலை நிச்சயம் எண்டு சொல்லியினம்" என்றாள் அவள்.

"காணி ஒண்டு கிடக்குது. விக்கிறதுதான். பிள்ளையின்ர படிப்பைவிடக் காணி பெரிசே?" என்றார் நண்பர். போரின்போது இரண்டு தடவைகள் விட்டோடி, பின்னர் மீட்டெடுத்த காணி அது.

மூவரும் அந்நிறுவனத்துக்குப் போனோம். குளிரூட்டிய அறை, கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் இன்முகத்துடன் வரவேற்றார். நான் சில கேள்விகளை மட்டும் கேட்டேன். பொதுசனத் தொடர்பைக் கற்பிப்பவர் யார்? "தகுதிவாய்ந்த விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள்" என்றார்; ஒரு பெயர்கூட வரவில்லை. மாணவர்கள் ஒரு தவணைக்கு எத்தனை ஆக்கங்கள் எழுதுகிறார்கள்? பரீட்சை இருக்கிறது என்றார். நூலகத்தைப் பார்க்கலாமா? எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்றார். கடந்த ஆண்டு வெளியேறியவர்களில் இருவருடன் பேச முடியுமா? தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். படியிறங்கி வரும்போது நண்பர் ஒன்றும் பேசவில்லை. கையேட்டை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எல்லாத் தனியார் நிறுவனங்களும் இப்படி என்று நான் கூறமாட்டேன். நல்லனவும் இருக்கின்றன. ஆனால் கட்டணத்தைக் கட்டுமுன் கேட்கவேண்டிய கேள்விகளை நமது பெற்றோர் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஏழு தலைமுறையை விசாரிக்கும் நாம், பிள்ளையின் கல்லூரியைக் கையேட்டின் அட்டைப்படத்தை வைத்துத் தீர்மானிக்கிறோம்.

முதலாவது, அங்கீகாரம். உள்நாட்டு நிறுவனமாயின் அது பட்டம் வழங்கும் நிறுவனமாக அங்கீகரிக்கப்பட்டுள்ளதா, வெளிநாட்டுப் பட்டமாயின் அதனை வழங்கும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே நேரில் விசாரிக்கவேண்டும். நிறுவனத்தின் வாய்மொழி இதற்குப் போதாது.

இரண்டாவது, எழுத்து. இது எழுதிப் பிழைக்கும் தொழில். அறிக்கை, உரை, ஆண்டறிக்கை, அறிவித்தல், முறைப்பாட்டுக்கான மறுமொழி என்று வாரந்தோறும் எழுதவைத்து, சிவப்பு மையால் திருத்தித் தருகின்ற ஆசிரியர் இல்லாத கல்லூரியில் மூன்று ஆண்டுகள் இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும் என்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது; அதைத் தமிழில் நடைமுறைப்படுத்தும் கைகள்தான் குறைவு. மும்மொழியிலும் சிந்தித்து எழுதவல்ல ஒருவருக்கு இந்த நாட்டில் வேலையில்லாமற் போகாது. ஆகவே பட்டம் எதுவாயினும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கூடவே படிக்கவேண்டும். தமிழை விட்டுவிடவும் கூடாது.

நான்காவது, பக்கத்துப் பாடங்கள். அமெரிக்கப் பேராசிரியர்களான ஜேம்ஸ் குரூனிக், ரொட் ஹண்ட் ஆகியோர் 1984இல் வெளியிட்ட நூலில் இத்துறையை நான்கு வகையாகப் பிரித்தனர். வெறும் விளம்பரப்படுத்தல் ஒரு முனை. மக்கள் சொல்வதைக் கேட்டு நிறுவனமும் தன்னை மாற்றிக்கொள்ளும் இருவழித் தொடர்பு மறு முனை. மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிவதற்குச் சமூகவியலும் புள்ளிவிபரவியலும் தேவை; நிறுவனத்தை விளங்கிக்கொள்ளப் பொருளியலும் சட்டமும் தேவை. இவை எதுவுமின்றி, மேடை அலங்காரத்தையும் புகைப்படத்துக்கு நிற்பதையும் கற்பிக்கும் படிப்பு முதலாவது முனையைத் தாண்டாது.

ஐந்தாவது, அறம். தென்னாபிரிக்காவில் குப்தா குடும்பத்தின் நிறுவனத்துக்காக இனப்பகைமையைத் தூண்டும் பிரசாரத்தை நடத்தியமைக்காக, இலண்டனின் பெல் பொட்டிங்கர் நிறுவனம் 2017 செப்டெம்பரில் தனது தொழிற்சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. அதே மாதத்தில் முடங்கியும் போனது. இந்தப் பெயர் நமக்குப் புதிதன்று. 2010இல் இலங்கை ஜனாதிபதி ஐ.நா.வில் ஆற்றிய உரையைத் தாமே எழுதியதாக அதன் உயரதிகாரிகள் பெருமை பேசியதை, 2011 டிசம்பரில் 'இண்டிபெண்டன்ற்' பத்திரிகை புலனாய்வுச் செய்தியாக வெளியிட்டிருந்தது. போர் முடிந்த மறு ஆண்டு எழுதப்பட்ட உரை அது. சொற்களுக்குக் கூலி வாங்குபவர், எதற்கு வாங்குவது, எதற்கு மறுப்பது என்பதை வகுப்பறையிலேயே விவாதித்திருக்கவேண்டும். இதற்கு எதிர்ப்புறமான உதாரணமும் உண்டு. 1982இல் சிக்காகோப் பகுதியில் யாரோ நஞ்சு கலந்த ரைலனோல் மாத்திரைகளால் எழுவர் இறந்தபோது, ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் ஏறத்தாழ 31 மில்லியன் போத்தல்களைச் சந்தையிலிருந்து மீளப்பெற்றது. முதலில் மக்களின் உயிர், பிறகு நிறுவனத்தின் பெயர் என்ற வரிசையைக் காத்ததனாலேயே அதன் பெயரும் தப்பியது. இரண்டு கதைகளும் இல்லாத பாடத்திட்டம் அரைப் பாடத்திட்டம்.

இனி, எங்கே படிப்பது? களனிப் பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்பாடல் துறை நெடுங்காலமாக இயங்குகிறது. தமிழ் மாணவருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகளும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கையும் இருக்கின்றன. 2004இல் தொடங்கப்பட்ட இலங்கை இதழியல் கல்லூரி மும்மொழியிலும் பயிற்சியளித்து வந்திருக்கிறது. இந்தியாவை நாடுவோருக்கு, 1965இல் டில்லியில் நிறுவப்பட்ட இந்திய வெகுசனத் தொடர்பு நிறுவகம் பட்டதாரிகளுக்கென்று விளம்பரமும் மக்கள் தொடர்பும் கற்பிக்கிறது. பிரித்தானியாவில், 1948இல் தோன்றி 2005இல் அரச பட்டயம் பெற்ற தொழில்சார் நிறுவகத்தின் தகைமைகளைப் பணியில் இருந்துகொண்டே பெறலாம். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நமது பிள்ளைகளுக்கு வாய்ப்புகள் இன்னும் அதிகம்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். மருத்துவருக்கோ சட்டத்தரணிக்கோ உள்ளது போன்ற கட்டாய அனுமதிப்பத்திரம் இத்தொழிலுக்கு இங்கு இல்லை. வரலாறோ பொருளியலோ தமிழோ ஆழமாகப் படித்துவிட்டு, பின்னர் ஓராண்டு டிப்ளோமாவின்மூலம் உள்ளே வருவதும் மதிப்பான வழியே. இருபத்தோராவது வயதில் காணியை விற்று வாங்கவேண்டிய பட்டம் அன்று இது.

நண்பரின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைத் தெரிந்தெடுத்தாள். அது என் தீர்ப்பல்ல. கையேட்டுடன் இரண்டு நாட்கள் இருந்து, கேள்விகளைத் தானே மீண்டும் கேட்டு அவளே எடுத்த முடிவு. ஊடகக் கற்கைகள் படித்துக்கொண்டே மாலையில் சிங்களமும் ஆங்கிலமும் கற்றாள். பயிற்சிக்காகப் பொது நிறுவனமொன்றுக்குப் போனவேளை, நீர்வெட்டு பற்றிய அறிவித்தல் ஒன்று அவளது மேசைக்கு வந்தது. சிங்கள மூலத்தில் எந்த நேரத்திலிருந்து நீர் வராது என்று இருந்ததோ, தமிழில் அந்த நேரத்திலிருந்து நீர் வரும் என்று பொருள்பட்டிருந்ததாம். திருத்திக் கொடுத்தாள். மேலதிகாரி "சின்ன விசயம்தானே" என்றாராம்.

சின்ன விசயம்தான். ஆனால் கைக்குழந்தையுடன் வெற்றுக் குழாயைத் திருகிப் பார்த்திருக்கக்கூடிய தாய்மாருக்கு அது சின்ன விசயமன்று. தமது மொழியில் வந்த ஒரு தகவலை நம்பி ஏமாந்த மக்கள் அடுத்த தகவலை நம்பமாட்டார்கள். அந்த நம்பிக்கையைக் கட்டிக்காப்பதே பொதுசனத் தொடர்பு என்று நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். ஆகையால், கல்லூரி தேடும் பெற்றோரே, பிள்ளைகளே, கட்டடத்தின் உயரத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் பிள்ளை எழுதும் ஒரு வரியை வாசித்து, "இது உண்மையா? இது விளங்குமா?" என்று கேட்கும் ஓர் ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், அதுவே நல்ல கல்லூரி.